படகு நேரம் தெரிந்தால் பாதிப் பயணம்
யாழ்ப்பாணத் தீவகத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு

ஆடி, ஆவணி வந்தால் யாழ்ப்பாணத்தில் ஹையேஸ் வான்களுக்குக் கிராக்கி. கனடா, சுவிஸ், லண்டன் என்று சிதறிக் கிடக்கும் உறவுகள் பள்ளி விடுமுறையோடு வந்து இறங்குகின்றன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஊர் நிரம்பி வழிகிறது. அந்த நாட்களில் ஏதாவது ஒரு வீட்டில் இந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கும்: "ஒரு நாளைக்கு வான் பிடிச்சு நயினாதீவு, நெடுந்தீவு, கசூரினா எல்லாத்தையும் பார்த்திட்டு வந்திடுவம்."

ஆற அமரச் சாப்பிட்டு வெளிக்கிடப் பத்து மணியாகும். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேர, நெடுந்தீவுப் படகு போய்விட்டிருக்கும். நயினாதீவை அரக்கப்பரக்கக் கும்பிட்டு, பின்னேரம் கசூரினாவில் கால் நனைத்து, பிள்ளைகள் வானுக்குள்ளேயே தூங்கிப்போக, இருட்டில் வீடு வந்து சேர்வார்கள். இவ்வளவு தூரம் பறந்து வந்தவர்களுக்குத் தீவகம் தந்தது ஒரு புழுக்கமான வான் பயணம் மட்டும்தான் என்றால் மனம் கேட்கிறதில்லை.

தீவகப் பயணத்தின் திட்டம் தங்குமிடத்திலிருந்தும் வானிலிருந்தும் தொடங்கக் கூடாது. இறங்குதுறையிலிருந்து தொடங்க வேண்டும். எந்தப் படகு எத்தனை மணிக்கு, திரும்பி வரும் கடைசிப் படகு எப்போது, அன்றைக்குக் காற்று எப்படி என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். ஒரு நாளைக்கு ஒரு படகுத்தீவு. இதற்கு மேல் ஆசைப்பட்டால் எதுவும் மனதில் தங்காது.

இத்தாலியின் கோமோ ஏரிக்குப் போய்வந்த நம்மவர்களுக்கு இது விளங்கும். மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் வரேன்னா. அங்கிருந்து பெல்லாஜியோவுக்கும் மெனாஜியோவுக்கும் படகு. அங்கே போகிறவர்கள் படகு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே நாளைப் பிரிக்கிறார்கள். கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு எங்கே படுப்பது என்று முதலே யோசிக்கிறார்கள். அந்த நிதானத்தைச் சொந்த ஊருக்கு வரும்போதும் கொண்டுவரலாம்.

ஏரி என்ற அளவில் கோமோவுக்கும் யாழ்ப்பாண நீரேரிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கோமோ மலைகளுக்கு நடுவே 400 மீற்றருக்கும் மேல் ஆழமான நன்னீர். நம் நீரேரி உப்புத் தண்ணீர். பெரும்பகுதியில் ஆள் நின்று வலை போடலாம். ஆழமில்லாத இந்த நீருக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் கொட்டித் தெரு போட முடிந்ததால்தான் வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு, காரைநகர் எல்லாம் இன்று தரைவழியாகவே எட்டுகின்றன. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு நாலுக்கும் படகு வேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறை. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறை. இந்தப் பிரிவைத் தெரியாமல் வானில் ஏறியவர்கள்தான் தவறான துறையில் போய் நிற்கிறார்கள்.

காலத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும். தீவகத்தாரிடம் மாதத்தைக் கேட்டால் காற்றின் பெயரைத்தான் சொல்லுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு வாடை இறங்கும், கடல் குழம்பும், புயல் எச்சரிக்கை வந்தால் படகு நிற்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும்பி ஆவணி, புரட்டாதி வரை வீசும். அந்தக் காலத்தில் நெடுந்தீவுக் கடலில் படகு ஏறி இறங்குவது பழக்கமில்லாத வயிற்றைக் கலக்கும். தை பிற்பகுதியிலிருந்து சித்திரை வரைக்கும் கடல் நல்ல பிள்ளையாக இருக்கும். வெளிநாடுகளிலிருந்து வந்த பறவைகளும் பங்குனி வரை நீரேரியில் நிற்கும். மண்டைதீவு, அராலிப் பக்கங்களில் பூநாரைகளைக் கூட்டமாகக் காண வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால் மாசி மாதத்தைத்தான் சொல்லுவேன். பள்ளி விடுமுறை ஆவணியில்தான் வருகிறது, வேறு வழியில்லை என்பவர்கள் காலையில் புறப்படும் முதல் படகைப் பிடிக்கட்டும். பகல் ஏற ஏறத்தான் சோளகம் வலுக்கும்.

யாழ்ப்பாணம் வரை வருவதில் இப்போது பெரிய சிக்கல் இல்லை. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து விமானம் வருகிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023-இல் தொடங்கிய கப்பல், வாடைக் காலத்தில் நிறுத்தப்படுவது உண்டு என்பதால், அதை நம்பித் திரும்பும் நாளை இறுக்கமாக வைக்க வேண்டாம்.

யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 776 இலக்க பஸ். ஒன்றரை மணி நேரமாவது எடுக்கும். வானில் போனால் கொஞ்சம் விரைவு. ஆனால் பஸ்ஸின் யன்னல் உயரத்தில் இருந்து பார்க்கும் நீரேரி வேறு. பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். கம்பு நட்டு வலை கட்டிய களங்கட்டிகள், இடுப்பளவு தண்ணீரில் நின்று றால் பிடிப்பவர்கள், பின்னால் மங்கிக்கொண்டு போகும் கோட்டை. 1619 அளவில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின் எழுப்பி, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருப்பித்த கோட்டை அது. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களையே தீவுகளுக்கும் வைத்தார்கள்: வேலணை லைடன் ஆனது, காரைநகர் அம்ஸ்ரடாம் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆனது. கடைசிப் பெயர் மட்டும் அரச ஆவணங்களில் இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேலணை தாண்டி வருகிறது வாணர் பாலம். புங்குடுதீவைத் தரையோடு இணைக்க வேண்டும் என்று பாடுபட்ட வாணர் சகோதரர்களின் பெயரை ஊர் அதற்கு வைத்திருக்கிறது. பாலம் கடந்து உள்ளே போனால் கண்ணில் படுபவை பூட்டிய வீடுகள். கூரை போய் ஆலமரம் முளைத்த சுவர்கள், அடைத்த கிணறுகள், அவற்றுக்கு நடுவே புதிதாகப் பூச்சு மெழுகிய கோயில்கள். போரில் இடம்பெயர்ந்தவர்கள் சுவிஸிலும் பிரான்சிலும் கனடாவிலும் இருந்துகொண்டு கோயிலைக் கட்டி எழுப்பினார்கள். வீட்டுக்கு ஆள் வரவில்லை. இந்த வழியாகப் போகும் பிள்ளைகள், "ஏன் இந்த வீடுகளில் ஒருத்தரும் இல்லை?" என்று கேட்பார்கள். பதில் சொல்லக்கூடிய ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது.

குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் படகு அடிக்கடி உண்டு; கால் மணி நேரக் கடல். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு ஏற்றது இந்தத் தீவுதான். ஆனாலும் படகின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். உள்ளே தாழ்வான பலகை. எஞ்சினின் டீசல் மணம். முழங்கால் வருத்தக்காரருக்குப் படகுக்காரர் கை கொடுப்பார்: "அம்மா, கையைத் தாங்கோ, இந்தப் பலகையில காலை வையுங்கோ, பயப்பிடாதேங்கோ." சில்லு நாற்காலியில் வருகிறவரைத் தூக்கி இறக்க இரண்டு பேராவது கூட வேண்டும், அதற்கென்று சாய்தளம் எதையும் நம்பிப் போக வேண்டாம். உயிர்காப்பு அங்கி தந்தால் மடியில் வைத்திருக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும்.

நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயில் வாசலில் ஒரு துறை, நாக விகாரைப் பக்கம் ஒரு துறை. இரண்டுக்கும் இடையே நடந்தே போகலாம். புத்தர் இலங்கைக்கு இரண்டாம் முறை வந்தபோது ஓர் ஆசனத்துக்காகச் சண்டையிட்ட நாக அரசர்களைச் சமாதானப்படுத்தியது இங்கேதான் என்பது மகாவம்சத்தை ஏற்கும் பௌத்தர்களின் நம்பிக்கை. மணிமேகலையின் மணிபல்லவம் இதுவே என்று கொள்ளும் தமிழர்களும் பலர். கோயிலில் அதிகம் பேர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு. ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காப்பது பற்றிப் பேசும் கட்டளை அது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் அரசனுக்கு, மீதி கப்பல்காரருக்கு; வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் ஆளுக்குப் பாதி. நாம் சுற்றிப் பார்க்கப் போகும் இந்தக் கடல், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சட்டம் போட்டுக் காக்கவேண்டிய அளவுக்குக் கப்பல்கள் நடமாடிய வணிகப் பாதை. பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்ல இதைவிட நல்ல பொருள் தீவகத்தில் இல்லை என்றே நினைக்கிறேன்.

கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். விகாரைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை, செருப்பும் தொப்பியும் வெளியே. மதியத்தில் கோயிலின் அன்னதான மண்டபத்தில் பந்தி இருக்கும். வரிசையில் நின்று உட்கார்ந்து சாப்பிடுங்கள். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சிங்கள யாத்திரிகர்கள் வரும் போயா நாட்களிலும், ஆனிப் பூரணையை ஒட்டி வரும் அம்மன் திருவிழாவிலும் துறையில் வரிசை நீளும். திருவிழா பார்க்கவே போகிறவர் சரி. அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர் அந்த நாட்களைத் தவிர்க்கட்டும். திரும்பும் வழியில் வேலணையின் சாட்டிக் கடற்கரையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை விளையாட விட்டால் அன்றைய நாள் நிறைவு.

படகே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வட்டப் பாதை சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போங்கள். கரையில் நின்றால் நடுக்கடலில் கடற்கோட்டை தெரியும்; போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் எடுத்தது, இப்போது கடற்படை வசம். அங்கிருந்து காரைநகருக்கு 'பாதை' ஓடுகிறது. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, ஆட்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அக்கரை சேரும் மிதவை அது. பழுதாகிக் கிடக்கும் காலமும் உண்டு. கிளம்புமுன் ஊர்காவற்றுறையில் யாரையாவது விசாரியுங்கள். காரைநகரில் ஈழத்துச் சிதம்பரம் என்று பெயர் பெற்ற சிவன் கோயில், அதன் பின் கசூரினாக் கடற்கரை. திரும்ப வேண்டியது பொன்னாலைப் பாலத்தால், வட்டுக்கோட்டை வழியாக. பின்னேரச் சூரியன் அந்தப் பாலத்தில் விழும் நேரத்துக்கு அங்கே இருப்பது போல நேரத்தை வையுங்கள்.

இனி நெடுந்தீவு. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலான கடல். காலையில் போய்ப் பிற்பகல் திரும்பும் படகுகளை நம்பித்தான் எல்லாம். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று பெயர் கேட்பீர்கள். தனியார் படகுகளும் உண்டு. நெடுந்தாரகை 2017 தையில் உலக வங்கி உதவியோடு சேவைக்கு வந்தது. எந்தப் படகு எப்போது திருத்த வேலைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே பழைய நேர அட்டவணையை நம்பாமல், முதல் நாள் பின்னேரம் நெடுந்தீவில் ஒருவரோடு தொலைபேசியில் பேசிவிடுங்கள். நீங்கள் தங்கப் போகும் வீட்டுக்காரரோ ஓட்டோக்காரரோ போதும்: "நாளைக்கு எத்தனை மணிக்குப் படகு, அண்ணை?"

படகில் உங்களோடு வருவது என்னவென்று பாருங்கள். சீமெந்து மூட்டை, காஸ் சிலிண்டர், முட்டைத் தட்டு, மருந்துப் பெட்டி, மோட்டார் சைக்கிள், யாழ்ப்பாண வைத்தியசாலையில் காட்டிவிட்டுத் திரும்பும் நோயாளி, குழந்தையோடு தாய். சுமார் நாலாயிரம் பேர் வாழும் தீவுக்கு அரிசி முதல் ஆணி வரை இந்த வழியால்தான் போகிறது.

குமுதினி என்ற பெயரைக் கேட்டதும் நெடுந்தீவார் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள். 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நெடுந்தீவார் மாவிலித்துறையில் கூடி அவர்களை நினைவுகூருகிறார்கள். நீங்கள் இறங்குவதும் அதே துறையில்தான். படம் எடுக்க அவசரப்படாமல் ஒரு கணம் நின்று போங்கள்.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். நடந்து பார்க்க முடியாது. துறையில் ஓட்டோவும் வாடகைக்கு மோட்டார் சைக்கிளும் கிடைக்கும். விலையை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். முதலில் கண்ணை நிறைப்பவை மதில்கள். கடலில் இருந்து எடுத்த முருகைக்கற்களைச் சாந்து ஏதும் இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, காணிக்குக் காணி, ஒழுங்கைக்கு ஒழுங்கை எழுப்பியிருக்கிறார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளப் பூச்சிகள் கட்டிய கண்ணறைகளும் வரிகளும் தெரியும். இடையில் காற்றுப் போக வழி விட்டிருப்பதால் சோளகத்துக்கும் விழாமல் நிற்கின்றன. ஏறி நின்று படம் எடுத்தால் ஒரு கல் நழுவும். அதோடு பக்கத்துக் கற்களும் வரும். தொட்டுப் பாருங்கள், ஏறாதீர்கள்.

தீவில் நிற்கும் பெருக்க மரம் ஆபிரிக்காவிலிருந்து கடல்வழி வந்த இனம். அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். அதன் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். கோட்டையின் இடிபாடு வைத்தியசாலைக்குப் பின்னால், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடும் அதற்குக் கிட்ட. மேற்கே வெடியரசன் கோட்டை என்று ஊர் சொல்லும் இடத்தில் பழைய பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள் கிடக்கின்றன. தெற்கு முனையில் கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டிய குவிந்தா கோபுரம்.

குதிரைகள்! ஐரோப்பியர் வளர்த்து, பின்பு கைவிட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள், தீவின் தென்பகுதி வெளிகளில் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கில அரசின் அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். 2015-இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்பால் மட்டும் தண்ணீர் ஊறுவதில்லை. வரட்சி கடுமையான ஆண்டுகளில் குளங்கள் வற்றி, குதிரைகள் செத்து விழுந்திருக்கின்றன. அந்த வெளியில் வாகனத்தை விட்டுக் குதிரைகளைத் துரத்திக் காணொளி எடுப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. குட்டியோடு நிற்கும் குதிரை ஓடக்கூடிய தூரத்துக்கு அந்த வெயிலில் தண்ணீர் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூர நில்லுங்கள்; காலையிலும் பின்னேரத்திலும் அவை தண்ணீரைத் தேடித் தாமாகவே வரும்.

இந்தக் காலையும் பின்னேரமும்தான், காலையில் போய்ப் பிற்பகல் படகில் திரும்புகிறவருக்குக் கிடைக்காதவை. உச்சி வெயிலில் மூன்று நாலு மணி நேரம், ஓட்டோவில் குலுங்கிக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி எத்தனை பேர் இந்தத் தீவைப் பார்த்துவிட்டுச் "சரியான வெக்கை" என்று மட்டும் சொல்லித் திரும்புகிறார்கள்! ஓர் இரவு தங்குங்கள். சிறிய விடுதிகளும் அறை தரும் வீடுகளும் சில உண்டு. முன்கூட்டியே பேசி, சாப்பாட்டையும் சொல்லி வைக்க வேண்டும். சொல்லிவைத்தால் அன்று பிடித்த நண்டும் கணவாயும் புட்டோடு வரும். சொல்லாமல் போனால் பிஸ்கற்றும் பிளேன்ரீயும்தான். நீங்கள் அங்கே விடும் பணமும் ஓட்டோவோடு நிற்காமல் நாலு வீட்டுக்குப் போகும்.

தண்ணீரை ஆளுக்கு மூன்று லீற்றராவது கொண்டுபோங்கள். நல்ல தண்ணீர் நெடுந்தீவில் அளந்து புழங்கும் பொருள். கிணற்றடியில் நின்று தாராளமாக அள்ளிக் குளிப்பது உங்களுக்கு உல்லாசம், வீட்டுக்காரருக்கு நாளைய கவலை. காசாகவே வைத்திருங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையோடு இணைந்தவை அல்ல. 2024-இல்தான் இந்திய உதவியோடு காற்றும் சூரியனும் சேர்ந்த மின் திட்டத்துக்கு ஒப்பந்தம் ஆனது. போன் சார்ஜ் பண்ணக் கையோடு ஒன்று இருக்கட்டும். கொண்டுபோன பிளாஸ்ரிக் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அங்கே போடுகிறவை அங்கேயே கிடக்கும், மாடும் குதிரையும் மெல்லும்.

நாளைத் தெரிவு செய்வதிலும் ஒரு வேண்டுகோள். திங்கள் காலையில் தீவுக்குள் போகும் படகில் ஆசிரியர்களும் அரச அலுவலர்களும் வேலைக்குப் போகிறார்கள். வெள்ளி பின்னேரம் அவர்கள் வீடு திரும்புகிறார்கள். நீண்ட விடுமுறைகளில் சுற்றுலாக் கூட்டம் படகை நிறைத்துவிட, யாழ்ப்பாணத்தில் மருந்தெடுத்துவிட்டு வந்த தீவு மக்கள் துறையில் நின்று அடுத்த படகைப் பார்த்திருக்க நேர்கிறது. அவர்களுக்கு இது உல்லாசப் படகு இல்லை. பஸ், அம்புலன்ஸ், சந்தை வண்டி எல்லாம் இதுதான். உள்ளூராருக்கு முதலிடம் என்று துறையில் ஓர் ஒழுங்கை அதிகாரிகள் எழுதி ஒட்டி, அதன்படி நடத்தவும் வேண்டும். அது வரும்வரை நம்மால் செய்யக்கூடியது உண்டு. செவ்வாய் போய்ப் புதன் திரும்புங்கள். அல்லது புதன் போய் வியாழன் திரும்புங்கள். ஆட்கள் கூடிய குழுவென்றால் ஒரு தனியார் படகைப் பேசிக்கொள்ளுங்கள். ஏறுகிற வரிசையில் நோயாளியோ பிள்ளைத்தாய்ச்சியோ நின்றால் அவரை முன்னே விட்டுவிட்டு ஏறுங்கள். திரும்பும் படகின் நேரத்தை, போகும்போதே படகுக்காரரிடம் ஒருமுறை, தீவில் இறங்கிய பின் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.